மூன்று ஏக்கர் சாய்வுக் காட்டில் சம உயர வரப்பு: உடைந்ததும் திரும்பக் கட்டியதும்

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற வழியில் ஊதியூர் மலை வரும். அந்த மலையடியில் எங்களுக்கு மூன்று ஏக்கர் காடு இருக்கிறது. எங்கள் பக்கம் காடு என்றால் மானாவாரி நிலம், கிணறு இருந்தால்தான் தோட்டம் என்போம். செம்மண், ஒரு முழம் தோண்டினால் சரளை. சோளம், கொள்ளு, தட்டைப்பயறு விதைப்போம், சோளத்தட்டு வீட்டில் இருக்கும் நான்கு மாட்டுக்கு. இந்தக் காட்டில் மண் அடித்துக்கொண்டு போகாமல் சம உயர வரப்பு, அதாவது சாய்வுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் போகிற வரப்பு போட்டு நிறுத்துவதற்கு 2021-லிருந்து 2024 வரைக்கும் செய்த வேலைகளை, தப்பாகப் போனதையும் சேர்த்து எழுதுகிறேன். அளவுகள் எல்லாம் நோட்டில் குறித்து வைத்தவை. சாய்வுக் காடு வைத்திருக்கிற யாராவது படித்தால் அவர்களுக்கு ஒரு வருஷமாவது மிச்சமாகும்.

முதலில் தப்பைச் சொல்லிவிடுகிறேன். 2021 ஆவணியில் தனியார் ஜேசிபி ஒன்றைக் கூப்பிட்டு நான்கு வரப்பு போட்டேன். பக்கத்து வேலிக்கு இணையாக, கயிறு பிடித்து, பார்க்க நேராக இருக்கும்படி போட்டோம். டிரைவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், எவ்வளவு உயரம் என்று. எங்கே எவ்வளவு பள்ளம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை. காட்டின் நடுவில் முன்பு ஒரு சின்ன வாரி, அதாவது மழைத்தண்ணீர் ஓடை, ஓடியிருக்கிறது, வருஷக்கணக்காக உழுது உழுது அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. அப்புறம் நான் மட்டம் பிடித்துப் பார்த்தபோது அந்த இடம் வரப்பின் இரண்டு முனைகளையும்விட 40 சென்டிமீட்டர் தாழ்வாக இருந்தது. ஐப்பசி மழையில் இரண்டு பக்கத்துத் தண்ணீரும் அந்தப் பள்ளத்துக்கு வந்து குவிந்திருக்கிறது. மேல் வரப்பு முதலில் உடைந்தது, அதன் தண்ணீர் இரண்டாவதை உடைத்தது, அப்படியே நான்கும் ஒரே ராத்திரியில் போய்விட்டது. வரப்பே போடாத வருஷங்களில் தண்ணீர் பரவலாக ஓடும், மண் மெல்லப் போகும். நான் போட்ட வரப்பு மொத்தத் தண்ணீரையும் ஒரே இடத்தில் சேர்த்துக் கொடுத்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் நடுக்காட்டில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம், அடியில் சரளை வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது, மேல்மண் முழுக்க இட்டேரியில் (இரண்டு வேலிக்கு நடுவில் போகிற வண்டித்தடம்) கிடக்கிறது. அன்றைக்கு அப்பா ஒன்றும் பேசவில்லை. அவர் சின்ன வயதில் தோளில் சுமந்து கொட்டிய சாணி எரு எல்லாம் அந்த மண்ணில்தான் இருந்தது.

போன மண் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஏக்கரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மண் போனாலே நான்கு கன மீட்டர், எடையில் ஐந்தரை ஆறு டன் வரும். டிராக்டர் டிரெய்லரில் ஒரு லோடு மூன்று கன மீட்டர் என்று வைத்தால் ஒன்றேகால் லோடுக்கும் மேல். நாட்டில் ஹெக்டேருக்கு வருஷம் சராசரியாக 16 டன் சொச்சம் மண் அரித்துப் போகிறது என்று 1983-ல் ஒரு கணக்குப் போட்டார்கள், அதை ஏக்கருக்கு மாற்றினால் ஆறரை டன், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு மில்லிமீட்டர் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் யாருக்கும் பதைப்பதில்லை.

அந்த மார்கழியில் அலுவலகம் அலுவலகமாக நடக்க ஆரம்பித்தேன். முதலில் போன இடத்தில் "வரப்புக்கெல்லாம் இங்க ஒண்ணும் இல்லீங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், எங்கே போக வேண்டும் என்று சொல்லவில்லை. இரண்டு வாரம் அதில் போயிற்று. எங்கள் ஊர் உதவி வேளாண்மை அலுவலர்தான் வழி சொன்னார். விதை, உரம், மண் பரிசோதனை என்றால் வட்டாரத்து வேளாண்மை விரிவாக்க மையம். வரப்பு, பண்ணைக்குட்டை, தடுப்பணை, நிலம் சமன்படுத்துவது, இயந்திர வாடகை எல்லாம் வேளாண்மைப் பொறியியல் துறை, அங்கே உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தைப் பார்க்க வேண்டும். நம் ஊர் நீர்வடிப்பகுதித் திட்டத்துக்குள் (மழைத்தண்ணீர் ஒரே இடத்துக்கு வடிகிற நிலப்பரப்பு முழுக்க மண், நீர் பாதுகாப்பு வேலை செய்வது) வருகிறதா என்றும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம், வந்தால் பல வேலைகள் திட்டத்திலேயே நடக்கும். எங்கள் ஊர் அந்தச் சமயம் வரவில்லை.

கையில் கொண்டுபோக வேண்டிய காகிதங்கள்: சிட்டா, அடங்கல், புலப்படம், ஆதார், வங்கிப் புத்தக நகல், போட்டோ, அப்புறம் வட்டாட்சியரிடம் வாங்குகிற சிறு குறு விவசாயி சான்று. இரண்டரை ஏக்கர் வரைக்கும் குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரைக்கும் சிறு விவசாயி. எல்லாவற்றையும் ஒரே பையில் இரண்டு செட்டாக எடுத்து வைத்துக்கொண்டால் அலைச்சல் பாதி குறையும். உழவன் செயலியில் பதிவு செய்து வைப்பதும் நல்லது, இயந்திரத்துக்கு இ-வாடகை என்று தனிப் பதிவு இருக்கிறது.

பொறியியல் துறை அலுவலகத்தில் ஒரு இளம் பொறியாளர் மேடம் இருந்தார். நான் போனதும் ஜேசிபிக்கு எப்போது முறை வரும், மானியம் எவ்வளவு என்றுதான் கேட்டேன். அவர் உடைந்த வரப்பின் போட்டோவைப் பார்த்துவிட்டு, "அண்ணா, மிஷின் எப்ப வேணாலும் வருங்க. முதல்ல கோடு போடணும். கோடு இல்லாம மறுபடி போட்டீங்கன்னா மறுபடி உடையும்" என்றார். நான் இவ்வளவு நீளமாக எழுதுவதே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். இந்த அலுவலகங்களுக்குப் போகிற நாம் எல்லோரும் மானியத்தைக் கேட்கிறோம், வாடகையைக் கேட்கிறோம். அங்கே இருப்பதிலேயே விலை மதிப்பானது மட்டம் பார்க்கத் தெரிந்த ஆளும் அந்தக் கருவியும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

தை மாதம் ஒருநாள் அவரும் ஒரு உதவியாளரும் டம்பி லெவலோடு, அதாவது மட்டம் பார்க்கிற தொலைநோக்கிக் கருவியோடு, வந்தார்கள். ஊட்டியில் 1954-லிருந்து மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் ஒன்று இருக்கிறது, டேராடூன் நிறுவனத்தின் கிளை, அங்கே பயிற்சி எடுத்தவர் அவர். அரை நாளில் காடு முழுக்க மட்டம் எடுத்துவிட்டார். மேல்பொழியிலிருந்து கீழ்ப்பொழி வரைக்கும், அதாவது மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லை வரைக்கும், 150 மீட்டர், இறக்கம் 6 மீட்டர், ஆக 4 சதவீதச் சாய்வு. அகலம் 80 மீட்டர்.

வரப்புக்கு வரப்பு எவ்வளவு தூரம் விடுவது என்பதற்கு ஒரு எளிய கணக்கு சொல்லிக்கொடுத்தார். சாய்வு சதவீதத்தை மூன்றால் வகுத்து, இரண்டைக் கூட்டி, 0.3-ஆல் பெருக்க வேண்டும். எங்கள் காட்டுக்கு ஒரு மீட்டர் வந்தது. அதாவது ஒரு வரப்புக்கும் அடுத்ததற்கும் ஒரு மீட்டர் இறக்கம் இருக்க வேண்டும், 4 சதவீதச் சாய்வில் ஒரு மீட்டர் இறங்க 25 மீட்டர் நடக்க வேண்டும். ஆக 150 மீட்டருக்குள் ஐந்து வரப்பு. சாய்வு 6 சதவீதத்தைத் தாண்டினால் இந்த மண்வரப்பு போதாது என்றும், ஆழமான கரிசலில் இதைப் போடக் கூடாது, கோடையில் வெடித்து அந்த வெடிப்பு வழியாகவே உடையும் என்றும் சொன்னார். எங்களுடையது தண்ணீர் இறங்குகிற செம்மண், வருஷ மழையும் 600 மில்லிமீட்டர் சொச்சம்தான், அதனால் சம உயர வரப்பே சரி.

அவர் ஒவ்வொரு வரப்புக்கும் ஒரு ஆரம்பப் புள்ளி அடித்துக் கொடுத்தார். மீதிக் கோட்டை நீங்களே போடலாம் என்று ஏ-பிரேம் செய்யும் முறையைக் காட்டிவிட்டுப் போனார்.

ஏ-பிரேம் செய்ய ஒன்றும் பெரிதாக வேண்டாம். ஏழடி நீளத்தில் நேரான இரண்டு சவுக்குக் குச்சி, குறுக்கே ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்). உச்சியில் இரண்டையும் சேர்த்து போல்ட் போட்டேன், கால்கள் இரண்டு மீட்டர் விரியும்படி வைத்து ரீப்பரை அடித்தேன். உச்சியிலிருந்து ஒரு நூல், நூலில் ஒரு கல். நடுப்புள்ளி கண்டுபிடிப்பதுதான் இதில் முக்கியம். சமமில்லாத ஏதோ ஒரு தரையில் நிறுத்தி, இரண்டு கால் பதிந்த இடத்திலும் ஆணி அடித்து, நூல் ரீப்பரில் தொடுகிற இடத்தைக் கோடு போட வேண்டும். அப்புறம் பிரேமைத் திருப்பி, இடது கால் இருந்த இடத்தில் வலது கால் வரும்படி வைத்து இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நட்டநடுவில் மூன்றாவது கோடு போட்டால் அதுதான் மட்டம். நூல் அதில் நின்றால் இரண்டு காலும் ஒரே உயரம். அப்புறம் காட்டில் ஒரு காலை ஊன்றி மறு காலை மேலும் கீழும் நகர்த்தி, நூல் நடுக்கோட்டில் நிற்கிற இடத்தில் முளைக்குச்சி அடித்து, அங்கிருந்து அடுத்த அடி. பிரேமை ஒருமுறை நகர்த்துவதைத்தான் ஒரு அடி என்கிறேன், 80 மீட்டருக்கு நாற்பது அடி.

நான் இதை 2022 ஆனியில் எடுத்துக்கொண்டு போனேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் காட்டில் எப்படி அடிக்கும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். நூல் ஒரு நிமிஷம் நிற்கவில்லை, ஆடிக்கொண்டே இருந்தது. ஆடுகிற நூலை வைத்துக் குத்துமதிப்பாகப் போட்ட கோட்டை முடித்துவிட்டு ட்யூப் லெவலில் சரிபார்த்தால் கடைசி முளை 18 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. ஒவ்வொரு அடியிலும் அரை சென்டிமீட்டர் தப்பினால் நாற்பது அடியில் அவ்வளவு சேர்ந்துவிடும். மொத்தத்தையும் பிடுங்கிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். கல்லுக்குப் பதில் டிராக்டரில் கழற்றிப் போட்ட கனமான நட் ஒன்றைக் கட்டினேன், காற்று எழுவதற்கு முன்னால் காலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள் மட்டும் வேலை செய்தேன், பத்து அடிக்கு ஒருமுறை ட்யூபில் மட்டம் பார்த்தேன். கொத்தனார் வைத்திருக்கிற சாதாரண தண்ணீர் ட்யூப்தான், உள்ளே குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒரு சின்னக் குமிழி இருந்தாலும் அளவு பொய் சொல்லும். ஒரு வரப்புக்கு இரண்டு காலை ஆயிற்று, ஐந்துக்கும் சேர்த்துப் பத்து நாள்.

முளைகள் எல்லாம் அடித்து முடித்து அதில் சுண்ணாம்பு தூவினதும் மேலே ஏறி நின்று பார்த்தேன். ஒரு கோடும் நேராக இல்லை. பழைய வாரி இருந்த இடத்தில் ஐந்து கோடும் ஒரே மாதிரி மேல்நோக்கி வளைந்து உள்ளே போயின. இத்தனை வருஷம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த வாரி, சுண்ணாம்பில் அப்படியே படம் போட்டது மாதிரி தெரிந்தது. அப்பாவைக் கூட்டி வந்து காட்டினேன். "எங்கப்பாரு காலத்துல இங்கதான் தண்ணி ஓடும்" என்றார்.

அவருடைய கவலை வேறு. வரப்பின் அடி அகலம் இரண்டு மீட்டர், ஐந்து வரப்பு நானூறு மீட்டர், ஆக 800 சதுர மீட்டர். "இருபது செண்டு வரப்புக்கே போயிருமாட்ட இருக்குதே கண்ணு" என்றார். அந்தக் கணக்கு சரிதான், இருபது செண்டேதான். மூன்று ஏக்கரில் இருபது செண்டு ஒரு மானாவாரிக்காரனுக்குச் சின்ன விஷயம் இல்லை. பதில் அப்பத்தாவிடமிருந்து வந்தது. திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், "நம்ம கொறங்காட்டுத் தண்ணி என்னைக்காச்சும் செகப்பா ஓடிப் பாத்திருக்கியா?" என்று அப்பாவைக் கேட்டார். கொறங்காடு எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமும், உழவே கிடையாது. எவ்வளவு மழை பெய்தாலும் அங்கிருந்து வருகிற தண்ணீர் தெளிவாகத்தான் வரும், புல்லின் வேர் மண்ணை விடாது. வரப்பு மேலும் அதே புல்லை வைத்தால் மண்ணும் நிற்கும், இருபது செண்டும் மாட்டுக்குத் தீவனமாகத் திரும்பி வரும் என்று அன்றைக்கே முடிவாயிற்று.

ஆவணியில் துறை இயந்திரம் முறை வந்தது. வாடகை வெளியில் கேட்டதைவிடக் குறைவு, ஆனால் வரிசையில் ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது, அதனால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். மொத்தம் 14 மணி நேரம் ஓடியது. வரப்பை 75 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கட்டி, படிந்து 60-க்கு வரட்டும் என்று விட்டோம். மேல் அகலம் 40 சென்டிமீட்டர். மண்ணை வரப்பின் மேல்பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும், அதுவும் ஆழமாக ஒரே குழியாக வெட்டாமல் ஒரு சாண் ஆழத்துக்குப் பரவலாக, இடையிடையே விட்டு விட்டு. தொடர்ந்து வெட்டினால் அதுவே வாய்க்காலாகித் தண்ணீரை ஓட்டிவிடும். பழைய வாரி குறுக்கே வருகிற இடத்தில் மட்டும் வரப்பை இன்னும் ஒரு சாண் உயர்த்தி, அடியைக் கொத்திவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மண் போட்டுத் தண்ணீர் தெளித்து மிதித்தோம். அது பெரும்பாலும் கைவேலை. நாங்கள் மூன்று பேர், இரண்டு நாள்.

அடுத்தது தண்ணீர் வெளியேறுகிற வழி. நான் 2021-ல் விட்ட பெரிய ஓட்டை இதுதான், ஓட்டை விடாமல் விட்டதைத்தான் சொல்கிறேன். வரப்பு எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் ஒருநாள் அது தாங்காத மழை வரும், அன்றைக்குத் தண்ணீர் எங்கே போக வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் அதுவே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு வரப்பின் முனையிலும் ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு, தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மடை விட்டு, அதில் கல் பதித்தோம். முதல் வரப்புக்கு வடக்கே, இரண்டாவதுக்குத் தெற்கே என்று மாற்றி மாற்றி, தண்ணீர் காட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்து கீழே வரும்படி. அந்த 30 சென்டிமீட்டரின் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. 4 சதவீதச் சாய்வில் வரப்பை ஒட்டி ஒரு அடி தண்ணீர் நின்றால் அது மேல்நோக்கி ஏழரை மீட்டர் வரைக்கும் பரவும், 80 மீட்டர் நீளத்துக்குக் கணக்கிட்டால் 90 கன மீட்டர், 90,000 லிட்டர். இரண்டு வரப்புக்கு நடுவில் உள்ள நிலம் 2,000 சதுர மீட்டர். ஆக 45 மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் வழிந்து வந்தாலும் ஒரு வரப்பு பிடித்துவைக்கும்.

கடைசி மடை எங்கே விழுவது என்பதைக் கீழ்க்காட்டுக்காரரிடம் முன்னாலேயே பேசிவிட வேண்டும். அவர் எங்கள் பங்காளி. 2021-ல் உடைந்த தண்ணீர் அவருடைய சோளத்தில்தான் பாய்ந்தது, அதில் அவருக்கு வருத்தம் இருந்தது, நியாயமான வருத்தம். நேரில் போய் மடையின் இடத்தைக் காட்டி, அது எங்கள் மூலைக்குள்ளேயே விழும், அங்கே குட்டை வெட்டப் போகிறேன், நிறைந்து மிஞ்சினால்தான் பள்ளத்துக்குப் போகும் என்று விளக்கினேன். அவரே ஒரு டிரெய்லர் கல் கொடுத்தார்.

புல்லை ஐப்பசி முதல் மழையோடு வைத்தோம். கொறங்காட்டிலிருந்தே கொழுக்கட்டைப் புல் தூர்களைப் பெயர்த்து வந்து வரப்பு மேல் இரண்டு வரிசை, ஒரு சாணுக்கு ஒன்று. மடைகளின் ஓரத்தில் வெட்டிவேர் நாற்று, அரைச்சாண் இடைவெளியில் நெருக்கமாக, ஏனென்றால் அங்கே நெருக்கம் இருந்தால்தான் சீப்பு மாதிரி மண்ணை வடிகட்டும். வெட்டிவேர் கீழ்நோக்கியே இறங்குவதால் பக்கத்துப் பயிரின் சத்தைப் பெரிதாக எடுப்பதில்லை. மாடும் அதைக் கொழுக்கட்டைப் புல் அளவுக்கு விரும்புவதில்லை, மடை ஓரத்துக்கு அது வசதிதான்.

நடுவில் மண் பரிசோதனை. இதை 2022 சித்திரையிலேயே எடுத்துவிட்டேன். வரப்பு ஓரம், மர நிழல், எருக்குழி பக்கம் எல்லாம் தவிர்த்து, வளைந்து வளைந்து நடந்து பன்னிரண்டு இடத்தில், மேலே கிடக்கிற சருகை ஒதுக்கிவிட்டு ஆங்கில வி மாதிரி 15 சென்டிமீட்டர் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரிலிருந்து சீராக ஒரு சீவு மண். எல்லாவற்றையும் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி, மறுபடி கலந்து, அரைக் கிலோ வரும்வரை. எங்கள் காட்டின் மேல்பாதியை மேல்காடு, கீழ்ப்பாதியைக் கீழ்க்காடு என்று பிரித்துத் தனித்தனியாக இரண்டு மாதிரி கொடுத்ததுதான் நான் செய்த நல்ல காரியம். மண்வள அட்டையில் பன்னிரண்டு விஷயம் வரும், மேல்காட்டில் அங்ககக் கார்பன் (மண்ணில் மக்கிய பொருள் எவ்வளவு என்று காட்டுவது) 0.28 சதவீதம், கீழ்க்காட்டில் 0.46. இரண்டுமே 0.5-க்குக் கீழே, குறைவுதான். ஆனால் ஒரே காட்டில், ஒரே எரு போட்ட நிலத்தில், மேலுக்கும் கீழுக்கும் இவ்வளவு வித்தியாசம். மேலே போட்டது கீழே போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டியிருக்கவில்லை. துத்தநாகமும் இரண்டிலும் குறைவு, அதற்கு ஏக்கருக்குப் பத்துக் கிலோ ஜிங்க் சல்பேட் சொன்னார்கள், போட்டோம்.

முதல் பெரிய மழை 2022 ஐப்பசியில் ஒரு ராத்திரி. காட்டில் வைத்திருந்த என்னுடைய மழைமானியில் 62 மில்லிமீட்டர். மூன்று மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். வரப்புகளை ஒட்டித் தண்ணீர் நீளமாகத் தேங்கி நின்றது, எங்கேயும் ஓடவில்லை. மேலே இருந்து மூன்றாவது வரப்பில் மட்டும் மடை வழியாக மெல்ல வழிந்தது. அந்த இருட்டில் நின்று நான் கேட்டது தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிற சத்தம், கொப்புளம் கொப்புளமாக. கொண்டு போன மூன்று பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன். மேல்பொழியில் மலையிலிருந்து வந்து நுழைகிற தண்ணீர், மூன்றாவது வரப்பு மடைத் தண்ணீர், கீழே குட்டை மூலைக்கு வந்த தண்ணீர். காலையில் திண்ணையில் வரிசையாக வைத்துப் பார்த்தால் முதல் பாட்டிலில் இரண்டு விரல் கனத்துக்குச் சேறு அடியில் படிந்திருந்தது, இரண்டாவதில் ஒரு விரலுக்கும் குறைவு, மூன்றாவதில் ஒரு மெல்லிய சிவப்புப் படலம். அப்பா அந்த மூன்றாவது பாட்டிலை மாசிவரைக்கும் தூக்கிப் போடவில்லை.

அந்தப் பருவம் முடிந்ததும் இரண்டாவது வரப்புக்குப் பின்னால் படிந்த வண்டலை அளந்தேன். சராசரி நான்கு சென்டிமீட்டர் கனம், மூன்று மீட்டர் அகலம், 60 மீட்டர் நீளம், ஏழு கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இரண்டு லோடுக்கும் அதிகமான மண், அந்த ஒரு வரப்பில் மட்டும், ஒரே பருவத்தில்.

எல்லாம் சரியாகப் போயிற்று என்று எழுத முடியாது. 2023 கார்த்திகையில் நான்காவது வரப்பு அடியில் தண்ணீர் பீறிட்டது. எலி வங்கு. மேல்பக்கம் ஒரு ஓட்டை, கீழ்ப்பக்கம் ஒரு ஓட்டை, நடுவில் மண் கரைந்து கையளவு குழாயாகிவிட்டது. நல்லவேளை பகலில் பார்த்தோம், கோணிப்பையில் மண் போட்டு மேல்பக்க வாயை அடைத்தோம். மழை விட்டதும் அந்த இடத்தை வெட்டித் திறந்து, வங்கு போகிற திசை முழுக்கத் தோண்டி, மறுபடி அடுக்கடுக்காக மிதித்துக் கட்டினோம். மேலாக அடைத்துவிட்டு வருவதில் பலனில்லை. புரட்டாசியில் ஒருமுறை ஐந்து வரப்பையும் நடந்து வங்கு பார்க்க வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மயில் வேறு. புதிதாக வைத்த புல்லைக் கிளறிப் போட்டுவிட்டது, முதல் வருஷம் இரண்டு முறை விட்டுப்போன இடங்களில் திரும்ப நட வேண்டியிருந்தது. தூர் பிடித்த பிறகு மயிலால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

உழவுதான் இன்னும் பெரிய பாடு. குறுக்கே உழுதால்தான் ஒவ்வொரு சாலும் ஒரு சின்ன வரப்பாக நிற்கும், மேலிருந்து கீழாக உழுதால் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால். ஆனால் 25 மீட்டர் பட்டையில், அதுவும் வளைந்த வரப்பை ஒட்டி ஓட்டுவது டிராக்டர்காரருக்குக் கஷ்டம், திருப்பம் அதிகம், டீசல் அதிகம். வாடகைக்கு வந்த அண்ணன் முதல் வருஷம் முகம் சுளித்தார். மணிக்கணக்கு வாடகை பேசினதும் சரியாயிற்று. ஏக்கர் கணக்கில் பேசினால் அவருக்கு நஷ்டம், அவர் அவசரப்படுவார், வரப்பு ஓரத்தைக் கடித்துவிடுவார். கோடை உழவையும் குறுக்கே ஐந்துகொத்துக் கலப்பையிலேயே போடுகிறோம், ரோட்டவேட்டர் போட்டு மண்ணை மாவாக்குவதை நிறுத்திவிட்டேன்.

பண்ணைக்குட்டை 2023-ல் வெட்டினோம், அதைத் தனியாக எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.

கடைசியாக வண்டல். 2024-ல் ஏரி குளங்களில் வண்டல் எடுக்க வட்டாட்சியரே அனுமதி கொடுக்கலாம் என்று முறை எளிதானது, புன்செய்க்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர் வரைக்கும், நன்செய்க்கு 75. மண்ணுக்குக் காசு இல்லை, ஏற்றுக்கூலியும் வண்டி வாடகையும்தான். நான் மேல்காட்டு ஒரு ஏக்கருக்கு மட்டும் 20 லோடு அடித்தேன், கையில் அவ்வளவுதான் இருந்தது. வரப்பு போட்டு இரண்டு மழை பார்த்த பிறகுதான் இதைச் செய்தேன், அதற்கு முன்னால் கொட்டியிருந்தால் மறுபடி குளத்துக்கே போயிருக்கும். குளத்தில் நின்று அந்தக் கருப்பு மண்ணை அள்ளும்போது, நாற்பது ஐம்பது வருஷமாக எங்கள் காடுகளிலிருந்து போனதுதானே இது என்று தோன்றியது. எத்தனையோ பேருடைய எரு, எத்தனையோ பேருடைய உழவு. கொட்டிப் பரப்பி, மேலே தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதோம். மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்தில் 2024-ல் பசுந்தாள் உர விதை கிடைத்தது, இப்போது கிடைக்கிறதா என்று விரிவாக்க மையத்தில் கேளுங்கள்.

2024 கடைசியில் அறுத்த சோளத்தில் மேல்காட்டுத் தட்டு முதல்முறையாகக் கீழ்க்காட்டுத் தட்டின் உயரத்துக்கு வந்தது. வரப்புப் புல்லை இரண்டு மாட்டுக்கு நான்கு மாதம் அறுத்துப் போட்டோம். மேல்காட்டு மண்ணை மறுபடி பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும், அதே பன்னிரண்டு இடத்தில், அதே சித்திரையில், அப்போதுதான் 0.28 என்ன ஆயிற்று என்று ஒப்பிட முடியும். ஏ-பிரேம் இப்போது கீழ்க்காட்டுப் பங்காளியிடம் இருக்கிறது. அவர் இரண்டு கோடு முடித்துவிட்டார், மூன்றாவதில் காற்று எழுந்துவிட்டதாம், நாளைக்குக் காலை ஆறு மணிக்கு ட்யூபை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.